இரண்டு மணித்தியால இடைவெளி போதுமா? தமிழ் மருந்தையும் இங்கிலிஷ் மருந்தையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி தன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 68. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டது. அன்று முதல், இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வோபரின் குளிசை எடுத்து வருகிறார். அதனுடன் நீரிழிவுக்கு மெற்போமினும் கிளிக்கிளசைட்டும், பிறஷருக்கு லொசாட்டனும், கொலஸ்ரரோலுக்கு அற்றோவாஸ்ரற்றினும் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். கனடாவிலிருக்கும் அண்ணா அண்மையில் அனுப்பிய பொதியில் உள்ளிக் கப்சியூல் ஒரு போத்தலும் மஞ்சள் கப்சியூல் ஒரு போத்தலும் வந்திருக்கின்றன. அயலில் உள்ள ஒருவர் சீனி வருத்தத்துக்கு நல்லதென்று சிறுகுறிஞ்சா, வெந்தயம், பாகற்காய், கருஞ்சீரகம் எல்லாவற்றையும் காயவைத்து இடித்த தூளும் கொடுத்திருக்கிறார். “இங்கிலிஷ் மருந்து போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து இவற்றை எடுத்தால் ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது சரிதானா?” என்பது அவருடைய முதற் கேள்வி. வல்லாரைச் சம்பலையும் முருங்கையிலை வறையையும் அப்பா இனி விட்டுவிட வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி.

முதற் கேள்விக்கு விடை: போதாது. உங்கள் அப்பாவின் நிலையில் இரண்டு மணித்தியாலம் அல்ல, பன்னிரண்டு மணித்தியாலம் விட்டாலும் போதாது. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் அடுத்த பொதி வரும்போதும் அடுத்த அயலவர் அடுத்த தூளைக் கொண்டுவரும்போதும் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளராக வேலை செய்கிறேன். இந்த இடைவெளிக் கணக்கை நான் கேளாத கிழமை இல்லை.

அந்தக் கணக்கு முற்றிலும் பொய்யானது அன்று. வயிற்றிலும் குடலிலும் இரண்டு பொருள்கள் நேருக்கு நேர் சந்தித்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஒரு வகை உண்டு. மலச்சிக்கலுக்கு எடுக்கும் இசப்கோல் தண்ணீரில் ஊறிக் களி போலாகி, கூடவே விழுங்கிய குளிசையைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறிய வெந்தயத்தின் பசையும் அப்படியே. தைரொக்சின் குளிசையுடன் கல்சியமோ இரும்புச்சத்துக் குளிசையோ எடுத்தால் தைரொக்சின் உடலில் சேராது; அதனால்தான் அவற்றுக்கிடையே நான்கு மணித்தியாலம் விடச் சொல்கிறோம். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியுடன் விழுங்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். இந்த வகைக்கு இடைவெளி சரியான மருந்து. ஒரு வகைக்குப் பொருந்திய அறிவுரை வாய்வழியே பரவி எல்லா வகைக்கும் பொதுவான விதியாகிவிட்டதுதான் இங்கே நடந்த தவறு.

வோபரினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குளிசையை விழுங்கினால் அதில் பாதி உடலை விட்டுப் போவதற்கே சராசரியாக 40 மணித்தியாலம் ஆகும். நாள்தோறும் எடுப்பவரின் இரத்தத்தில் அது காலை, மாலை, நள்ளிரவு என்று எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கும். அப்படியிருக்க, காலை எட்டு மணிக்குக் குளிசையும் பத்து மணிக்குக் கப்சியூலும் எடுத்தால் இரண்டும் சந்திக்காது என்று நினைப்பதற்கு இடமே இல்லை. அவை சந்திக்கும் இடம் வயிறு அல்ல, ஈரலும் இரத்தமும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாதந்தோறும் மருந்தெடுக்க வரும் ஓர் அம்மா, அவரும் வோபரின் எடுப்பவர், ஒருநாள் பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். சேலைத் தலைப்பு விலகியபோது முன்னங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம் கண்டி, கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. “எங்கேயும் இடிபட்டீங்களோ அம்மா?” என்று கேட்டேன். “இல்லைத் தம்பி, பல்லு விளக்கேக்கையும் ரத்தம் வருது. வயசு போச்சுத்தானே” என்றார். வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று உறுதியாகச் சொன்னார். கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர் என்ற எண் (அது ஏற ஏற இரத்தக் கசிவு ஆபத்தும் ஏறும்) மாதக் கணக்காக ஒரே சீராக இருந்திருக்கிறது, வோபரினின் அளவும் மாறவில்லை. பிறகுதான் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: முழங்கால் நோவுக்கு ஏதாவது பூசுகிறீர்களா, குடிக்கிறீர்களா? “அது மருந்தில்லைத் தம்பி. மகள் லண்டனிலை இருந்து அனுப்பின மஞ்சள் குளிசை. மஞ்சள்தானே, கறிக்குப் போடுறது.” மூன்று கிழமையாக நாளுக்கு இரண்டு எடுத்திருக்கிறார். அன்றே அவரை வைத்தியசாலைக்கு அனுப்பினேன். அவருக்கு 2.5 க்கும் 3.5 க்கும் இடையில் இருக்க வேண்டிய ஐ.என்.ஆர் எட்டைத் தாண்டியிருந்தது. நல்ல காலமாக மூளையிலோ குடலிலோ இரத்தப்பெருக்கு ஏற்படுவதற்கு முன்னர் தெரியவந்தது.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் பிழை. ‘மருந்து’ என்ற சொல்லுக்கு அவருடைய மனத்தில் இருந்த பொருள் வைத்தியர் எழுதித் தருவது என்பதுதான். அன்றிலிருந்து நான் எவரிடமும் “வேறு மருந்து எடுக்கிறீர்களா?” என்று கேட்பதில்லை. குடிநீர், தூள், லேகியம், எண்ணெய், வெளிநாட்டுச் சத்துக் குளிசை, காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

கறியில் போடும் மஞ்சளுக்கும் கப்சியூலில் இருக்கும் மஞ்சளுக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தூளில் கர்க்யூமின் என்னும் பொருள் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான். கடைகளில் கிடைக்கும் கப்சியூல்கள் பலவற்றில் 95 வீதம் செறிவாக்கப்பட்ட சாறு 500 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் ஒரு கப்சியூல் ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம், அதாவது ஐந்து தேக்கரண்டி. ஒரு முழுக் குடும்பத்தின் கறிச்சட்டியிலும் நாங்கள் ஒருநாளில் அவ்வளவு போடுவதில்லை. இத்துடன் முடியவில்லை. மஞ்சள் இயல்பாகக் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும் என்பதால், தயாரிப்பாளர்கள் மிளகின் சாரமான பைப்பரினையும் சேர்க்கிறார்கள். 2 கிராம் கர்க்யூமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த கர்க்யூமின் சுமார் 20 மடங்கு கூடியது என்று 1998 இல் பெங்களூரில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது. மஞ்சளுக்குக் கதவைத் திறந்துவிடும் அதே பைப்பரின் மற்றக் குளிசைகளுக்கும் கதவைத் திறக்கக்கூடும் என்பதைப் போத்தலின் முகப்பில் எழுதுவதில்லை. வலிப்புக்கான பெனிற்றொயின், பிறஷருக்கான புரொபிரனலோல், இழுப்புக்கான தியோபிலின் ஆகியவற்றின் இரத்த அளவைப் பைப்பரின் கூட்டுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மஞ்சள் சேர்ந்த ஒரு தயாரிப்பைத் தொடங்கிய சில கிழமைகளில் வோபரின் எடுத்த ஒருவரின் ஐ.என்.ஆர் பத்தைத் தாண்டியதை அடுத்து, 2018 இல் நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அதிகாரிகள் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள்.

உள்ளியைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், சான்று அவ்வளவு தெளிவானதல்ல. இரத்தம் உறைவதற்கு முதலில் ஒன்றுசேரும் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்வதை உள்ளி தளர்த்தும். அதிகமாக உள்ளி எடுத்தவர்களுக்கு இரத்தக் கசிவு ஏற்பட்ட சம்பவங்களும் வெளியாகியிருக்கின்றன. ஆனால் கவனமாகக் கண்காணித்துச் செய்யப்பட்ட ஆய்வில் வோபரினுடன் உள்ளிச் சாறு கொடுத்தபோது பெரிய கெடுதல் தென்படவில்லை. ரசத்தில் தட்டிப்போடும் நாலு பல்லு உள்ளிக்கு நான் எவரையும் பயமுறுத்தமாட்டேன். ஆயினும் உலோக வால்வு உள்ள ஒருவருக்கு, தேவையே இல்லாத ஒரு செறிவூட்டிய கப்சியூலைத் தெளிவில்லாத சான்றை நம்பிக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அதே பொதிகளில் அடிக்கடி வருபவை ஞாபகசக்திக்கு என்ற ஜிங்கோவும் மூட்டு நோவுக்கு என்ற குளுக்கோசமினும். பின்னது மூலிகை அல்ல என்றாலும் இரண்டும் வோபரினுடன் சேரும்போது இரத்தக் கசிவுக்கு இடமளிக்கக்கூடியவை.

இனி ஈரலுக்கு வருவோம். நாம் விழுங்கும் குளிசைகளில் பெரும்பாலானவற்றை உடைத்து வெளியேற்றும் வேலையை ஈரலிலும் குடற்சுவரிலும் உள்ள நொதியங்கள் செய்கின்றன. ஒரு குளிசையின் அளவை வைத்தியர் தீர்மானிக்கும்போது, இந்த நொதியங்கள் வழக்கமான வேகத்தில் அதை உடைக்கும் என்ற கணக்கில்தான் தீர்மானிக்கிறார். ஒரு மூலிகை நொதியத்தை மந்தமாக்கினால் குளிசை உடலில் தேங்கும். ஒன்று போட்டவர் மூன்று போட்டவர் போலாவார். நொதியத்தைத் தூண்டிவிட்டால் குளிசை வேலை செய்யுமுன்னரே வெளியேறிவிடும். போட்டும் போடாதவர் போலாவார். இந்த இரண்டாவது வகை வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் நடப்பதால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

முதல் வகைக்கு உலகம் முழுவதும் தெரிந்த எடுத்துக்காட்டு கிரேப்புருட் பழம். 1989 இல் கனடாவில் பிறஷருக்கான பெலோடிப்பின் என்ற மருந்துடன் மதுசாரம் என்ன செய்கிறது என்று பார்த்த ஆய்வாளர்கள், மதுசாரத்தின் சுவையை மறைப்பதற்காகக் கிரேப்புருட் சாற்றைக் கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் பல மடங்கு ஏறியது. ஏற்றியது மதுசாரம் அல்ல, சாறு என்பது பிறகுதான் விளங்கியது. அந்தப் பழத்திலுள்ள பொருள் குடற்சுவரின் நொதியத்தை அழித்துவிடுகிறது. உடல் புதிதாக நொதியத்தை உண்டாக்கும் வரை, ஒரு நாளோ மூன்று நாளோ, அந்த வழி காவலின்றித் திறந்தே கிடக்கும். இரண்டு மணித்தியால இடைவெளி இங்கே என்ன செய்யும்? கிரேப்புருட் எங்கள் சந்தைகளில் அரிது. ஆனால் அதன் பெற்றோரில் ஒன்றான பம்பளிமாசு, தெற்கில் ஜம்போலா என்று சொல்லப்படுவது, அதே வகைப் பொருளைக் கொண்டது. உங்கள் அப்பா எடுக்கும் அற்றோவாஸ்ரற்றினை இது ஓரளவு கூட்டும், சிம்வாஸ்ரற்றினை மிகவும் கூட்டும். அந்தக் குளிசைகள் அளவு மீறினால் தசைகள் நோகும், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுக்கும், சிறுநீரகம் பழுதடையும். நாள்தோறும் பம்பளிமாசுச் சாறு குடிப்பவர் அதை வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது வகைக்கு, மனச்சோர்வுக்கு என்று வெளிநாடுகளில் தாராளமாக விற்கப்படும் சென் ஜோன்ஸ் வோர்ட் என்னும் மூலிகை எடுத்துக்காட்டு. இதய மாற்றுச் சத்திரசிகிச்சை செய்த இருவர் இதை எடுத்ததனால், புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமல் காத்துவந்த சைக்குளோஸ்போரின் மருந்தின் அளவு இறங்கி, இதயம் நிராகரிக்கப்படத் தொடங்கிய செய்தி 2000 ஆம் ஆண்டில் மருத்துவ உலகை உலுக்கியது. வோபரினையும் கருத்தடைக் குளிசையையும்கூட இது செயலிழக்கச் செய்யும். நொதியங்கள் முழுமையாகத் தூண்டப்படச் சுமார் இரண்டு கிழமை எடுக்கும். மூலிகையை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்பவும் ஏறத்தாழ அவ்வளவு காலம் வேண்டும். எனவே இங்கே கணக்கு மணித்தியாலத்தில் அல்ல, கிழமையில். போர்க்காலத்தின் துயரைச் சுமந்துகொண்டு தூக்கமின்றி வாழும் பலருக்கு உறவினர்கள் அன்போடு அனுப்பும் குளிசைகளில் இதுவும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன் என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேதப் பாணி ஒன்று, வலிப்புக்கான பெனிற்றொயினின் இரத்த அளவைக் குறைப்பதாக இந்தியாவில் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. கட்டுப்பாட்டில் இருந்த வலிப்பு மீண்டும் வந்தபோதுதான் அதைத் தேடிப் பார்த்தார்கள். இதில் பெயரின் சிக்கலும் இருக்கிறது. சங்கபுஷ்பி என்ற பெயரால் ஓரிடத்தில் ஒரு கொடியும், இன்னோரிடத்தில் விஷ்ணுகிராந்தியும், வேறோரிடத்தில் வேலியில் நீலமாகப் பூக்கும் சங்குப்பூவும் விற்கப்படுகின்றன. ஒரு பெயர், மூன்று செடி. ஆகவே எவரேனும் ஒரு மூலிகையைப் பற்றி என்னிடம் கேட்டால், பெயரை மட்டும் சொல்லாமல் பொருளையே கொண்டுவந்து காட்டும்படி சொல்வேன்.

அயலவர் கொடுத்த தூளில் முதலில் பயப்பட வேண்டியது வேறொரு வழிக்கு. அதன் வழி நேரானது. சிறுகுறிஞ்சாவும் பாகற்காயும் வெந்தயமும் இரத்தத்தில் சீனியை இறக்கும் தன்மை உள்ளவை. அவை வேலை செய்யாதவை என்று நான் சொல்லவில்லை. வேலை செய்வதனால்தான் ஆபத்து. கிளிக்கிளசைட் என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் குளிசை. அதன் அளவு, உங்கள் அப்பாவின் சாப்பாட்டையும் சீனி அளவையும் பார்த்து நிர்ணயிக்கப்பட்டது. அதற்குமேல் ஒரு பெரிய கரண்டி தூளைப் போட்டால் இரண்டும் ஒரே திசையில் இழுக்கும். மெற்போமின் தனியே எடுப்பவர்களுக்குச் சீனி அபாயமாக இறங்குவது அரிது. ஆனால் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து உண்மையானது.

சீனி இறங்குவது எப்படியிருக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விடியற்புறத்தில் படுக்கை நனைய வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நன்றாகப் பேசும் மனிதர் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லுவார், காரணமில்லாமல் சினப்பார். வயதானவர்களில் இதை அறளை பெயர்ந்துவிட்டது என்று எண்ணி விட்டுவிடுவது நடக்கிறது. விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக விரதம் பிடிப்பவர்கள் வழக்கம்போல் கிளிக்கிளசைட்டையும் போட்டுக்கொண்டிருப்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் கவலை தரும் விடயம். விரதத்துக்கு முன்னரே கிளினிக்கில் கேட்டால் அளவை மாற்றித் தருவார்கள்.

உப்புச் சமநிலையைக் குழப்பும் மூலிகைகளும் உண்டு. இருமலுக்குக் கொத்தமல்லிக் குடிநீரில் சேர்க்கும் அதிமதுரத்தை இரண்டு நாள் குடித்தால் பயமில்லை. கிழமைக்கணக்காக நாள்தோறும் குடித்தால் அது உடலில் சோடியத்தையும் நீரையும் தேக்கி, பொற்றாசியத்தை வெளியேற்றி, பிறஷரை ஏற்றும். பிறஷர்க் குளிசை திடீரென்று பிடிக்கவில்லை என்று வருபவர்களிடம் அதிமதுரத்தைப் பற்றிக் கேட்பது நல்லது. நீர் போகும் குளிசையான புரூசமைட்டும் இதயத்துக்கான டிஜொக்சினும் எடுப்பவர்களுக்கு இது இன்னும் கூடாது. பொற்றாசியம் குறைந்த உடலில் டிஜொக்சின் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். பேதிக்கு எடுக்கும் நிலாவாரையும் நீண்டகாலம் எடுத்தால் அதையே செய்யும். இதற்கு நேர்மாறானது லொசாட்டன்: அது பொற்றாசியத்தை உடலில் வைத்திருக்கும் மருந்து. சிறுநீரகம் நல்ல நிலையில் உள்ளவர் வெயிலுக்கு ஓர் இளநீர் குடிப்பதில் பிழையில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர் லொசாட்டனோ அதே போலப் பொற்றாசியத்தை வைத்திருக்கும் ஸ்பைரொனோலக்ரோனோ எடுத்துக்கொண்டு, சூடு தணிய என்று நாள்தோறும் இரண்டு செவ்விளநீர் குடித்தால் இதயம் நின்றுவிடும் அளவுக்குப் பொற்றாசியம் ஏறலாம்.

“இலைதானே, வேர்தானே, என்ன செய்யப்போகிறது?” என்பவர்களுக்கு நான் உங்கள் அப்பாவின் குளிசையின் பிறப்பைச் சொல்வதுண்டு. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள், சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் இறந்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் வழிவந்ததே வோபரின். 1948 இல் எலி நஞ்சாகவும் 1954 இல் மனிதருக்கான மருந்தாகவும் அது வந்தது. டிஜொக்சின் வந்த செடியின் இனத்தைச் சேர்ந்த ஒன்று, உடலில் நீர் தேங்கும் வீக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த ஒரு நாட்டு மருந்திலிருந்து வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியரால் இனங்காணப்பட்டது. அவர் தன் அவதானங்களை 1785 இல் வெளியிட்டார். மெற்போமினின் மூலமும் ஐரோப்பியப் பூச்செடி ஒன்றுதான். செடியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பொருள் சாதுவாகிவிடாது. குளிசையாக வந்தது என்பதற்காக அது செடியுடன் உறவற்றதாகவும் ஆகிவிடாது.

இதைச் சொல்வதனால் நான் சித்த வைத்தியத்துக்கு எதிரானவன் என்று எண்ண வேண்டாம். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் முறையாகச் சித்த மருத்துவம் படித்துப் பதிவுபெற்று வரும் வைத்தியர்கள், நோயாளியின் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுப்பார்கள். வோபரின் என்று கண்டதும் சில மருந்துகளைத் தவிர்ப்பதையும் நான் அறிவேன். என்னுடைய கவலை முழுவதும், எவருடைய கொப்பியிலும் எழுதப்படாமல் வீட்டுக்குள் வரும் பொருள்களைப் பற்றியது. நாட்டில் சுதேச மருந்துகளுக்கு 1961 ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டமும், ஏனைய மருந்துகளுக்கு 2015 ஆம் ஆண்டின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் உண்டு. உறவினர் கையால் வரும் போத்தலையும் பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் அயலவர் தரும் தூளையும் அந்தச் சட்டங்கள் எதுவும் வந்து பார்ப்பதில்லை.

இவற்றுள் பெயரே இல்லாத தூளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மூட்டு நோவுக்கு என்று விற்கப்படும் சில தூள்களில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்ரீரொயிட்டும், ஆண்மைக்கு என்று விற்கப்படுபவற்றில் சில்டெனாபிலும், சீனிக்கு என்று விற்கப்படுபவற்றில் கிளிபென்கிளமைட்டும் கலந்திருந்தமை பல நாடுகளில் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் நோவு பறந்துவிட்டது, பசி நன்றாக எடுக்கிறது, முகம் பூரித்து உருண்டிருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். அது ஸ்ரீரொயிட்டாக இருந்தால் சீனியும் பிறஷரும் ஏறும். மாதக்கணக்காக எடுத்தபின் திடீரென்று நிறுத்தினாலும் உடல் தாங்காது. நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையோ ஐசோசோபைட்டோ எடுப்பவர், சில்டெனாபில் கலந்த தூளை எடுத்தால் பிறஷர் சரிந்து உயிரே போகலாம்.

சரி, உங்கள் வீட்டில் இன்று என்ன செய்வது? அப்பா இன்னும் தொடங்கவில்லை என்றால் மூன்றையும் தொடங்க வேண்டாம். அவருக்கு அவற்றால் கிடைக்கக்கூடிய நன்மையைவிட வால்வு பற்றிய ஆபத்து மிகப் பெரிது. ஏற்கெனவே சில கிழமைகளாக எடுத்துவருகிறார் என்றால் கிளினிக்கில் தெரிவிக்காமல் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், அடுத்த திகதி வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றோ நாளையோ போத்தல்களையும் தூளையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் ஐ.என்.ஆர் பார்க்கச் சொல்லுங்கள். கப்சியூலுடன் சேர்த்து வோபரினின் அளவு மாற்றப்பட்டிருந்தால், கப்சியூலை நிறுத்தும்போது ஐ.என்.ஆர் எதிர்ப்பக்கம் சரிந்து வால்வில் இரத்தம் கட்டியாகலாம். தொடங்குவது எவ்வளவு கவனிக்க வேண்டியதோ நிறுத்துவதும் அவ்வளவு கவனிக்க வேண்டியது. எக்காரணம் கொண்டும் வோபரினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அண்ணா அனுப்பிய போத்தலைத் திருப்பிப் பாருங்கள். கனடாவில் முறையாக அனுமதி பெற்ற பொருளானால் என்.பி.என் என்ற எழுத்துகளுடன் எட்டு இலக்க எண் இருக்கும். பெரும்பாலும் அதன் அருகிலேயே, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அனுப்பிய அண்ணா அதை வாசித்திருக்கமாட்டார். வாசிக்க முடியாத அப்பா நம்பி விழுங்குவார். அடுத்த முறை வாங்குவதற்கு முன்னர் அப்பாவின் மருந்துப் பட்டியலை அண்ணாவுக்குத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். அங்குள்ள பாமசியிலேயே காட்டிக் கேட்கலாம்.

பல்லுப் பிடுங்குவதோ சத்திரசிகிச்சையோ வருமானால், இரண்டு கிழமைக்கு முன்னரே மூலிகைப் பொருள்கள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கரிய தார் போன்ற மலம், நிற்காத மூக்கு இரத்தம், சிறுநீரில் சிவப்பு, தலை இடிபட்ட எந்த விழுகையும், திடீரென்ற கடும் தலையிடி, கை கால் இழுபடுதல், பேச்சுக் குழறுதல் என்பவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. வல்லாரைச் சம்பலையும் முருங்கையிலை வறையையும் அப்பா விடவே வேண்டியதில்லை. பச்சை இலைகளில் விற்றமின் கே உண்டு. வோபரின் வேலை செய்வதே அந்த விற்றமினுக்கு எதிராகத்தான். ஆகவே இலையே சாப்பிடாமல் விட்டால் ஐ.என்.ஆர் ஏறும், திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இறங்கும். வேண்டியது ஒரே அளவு. கிழமைக்கு இரண்டு நாள் இலைக்கறி சாப்பிட்டு வந்தவர் அதே இரண்டு நாளும் சாப்பிடட்டும். வல்லாரையைக் கப்சியூலாகவோ சாறாகப் பிழிந்தோ எடுப்பது வேறு கதை, அது வேண்டாம். ஒரு காலத்தை மட்டும் கவனியுங்கள்: நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் விலக்கும் வீடுகளில் முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் நாள்தோறும் சோற்றுடன் வரும், அப்போது ஐ.என்.ஆர் இறங்கக்கூடும். உங்கள் வீட்டிலும் அப்படியானால், கொடியேறிய முதற் கிழமைக்குள் ஒரு தடவை இரத்தம் பார்க்கும்படி கிளினிக்கில் முன்கூட்டியே திகதி கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.